சொற்களைத் திரட்டிய கேணல்: சேர் ஹென்றி யூல்

'முப்தி' என்ற சொல் காதில் விழுந்ததும், கல்முனைக்குடியில் வாழும் நமக்கு மார்க்கச் சட்டங்களில் ஆழ்ந்த புலமை பெற்று, ஐயம் எழுந்தவிடத்துத் தீர்ப்புரைக்கும் பெரியார் ஒருவரே நினைவுக்கு வருவார். அதே சொல்லை ஆங்கிலேயர் ஒருவர் கேட்பாராயின், சீருடையைக் களைந்துவிட்டுச் சாதாரண உடையில் உலவும் போர்வீரனோ பொலிஸ்காரனோ அவர் மனக்கண்முன் தோன்றுவான். தமிழகத்துச் செய்தித்தாள்களும் இப்பொருளிலேயே இச்சொல்லை வழங்கக் காண்கிறோம். மார்க்க அறிஞரின் திருப்பெயர் படைவீரனின் ஓய்வுநேர உடுப்புக்கு எவ்வாறு பெயராயிற்று? நான் இக்கரையோரத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகளில் இத்தகைய வினாக்களை மாணவர் என்னிடம் பன்முறை கேட்டதுண்டு. அவற்றுக்கு விடை தேடப் புகுந்தபோதெல்லாம் என் கை நாடிச் சென்ற நூல் ஒன்றே. அந்நூலை ஆக்கியோரில் முதல்வரும், வாளும் அளவுநூலும் பிடித்த கையால் சொற்களையும் திரட்டியவருமான கேணல் சேர் ஹென்றி யூல் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

தந்தையின் செல்வம்

ஹென்றி யூல் 1820 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள், ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரை அடுத்த இன்வரெஸ்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் மேஜர் வில்லியம் யூல், கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையிற் பணிபுரிந்து 1806 இல் தாயகம் மீண்டவர். இந்தியாவிலிருந்து பொன்னும் மணியும் கொண்டு திரும்பிய கம்பனி ஊழியர் பலர். மேஜர் யூலோ அரபு, பாரசீக மொழிகளில் அமைந்த கையெழுத்துச் சுவடிகளையே பெருஞ்செல்வமாகக் கருதித் தேடித் தொகுத்துக் கொண்டுவந்தார். அவர் மறைந்தபின் அவருடைய புதல்வர்கள் அச்சுவடிகளைப் பிரித்தானிய நூதனசாலைக்கு அன்பளிப்பாக வழங்கினர்.

அத்தந்தையார் 1832 இல் ஒரு சிறு நூலைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அது ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் பொன்மொழித் தொகுப்பாகும். அரபு மூலமும் பழைய பாரசீக உரையும் தம்முடைய ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒருங்கமைய அவர் அதனை வெளியிட்டார். ஸ்கொத்லாந்தின் குளிர் மிகுந்த மூலையொன்றில் அலீ நாயகத்தின் வாக்குகளைப் பெயர்த்தெழுதிய ஒரு படைவீரரின் வீட்டிலேயே ஹென்றி யூல் வளர்ந்தார் என்பதை வாசகர் நினைவில் இருத்துவாராக. இவ்வரலாற்றின் பிற்பகுதியில் அதற்குத் தனிப்பொருள் உண்டு.

படைப் பொறியியலாளர்

இளைய யூல் அடிஸ்கம் என்னும் கம்பனியின் படைக்கல்லூரியிற் பயின்று, 1840 இல் வங்காளப் பொறியியற் படையிற் சேர்ந்தார். அவருக்கு முதலிற் கிடைத்த பணி காஸி மலைப் பகுதியில் அமைந்தது. உலகிலேயே மிகுந்த மழை பொழியும் இடங்களுள் ஒன்றான சிரபுஞ்சியிலிருந்து நிலக்கரியைச் சமவெளிக்குக் கொண்டு செல்லும் வழியை ஆராய்வதே அவர்மீது சுமத்தப்பட்ட கடமை. வேறொருவராயின் கரியை மட்டுமே கண்டிருப்பார். யூலின் கண்ணோ அம்மலைமக்களின் வாழ்க்கையிலும் பதிந்தது. மரங்களின் உயிருள்ள வேர்களை ஓடைகளுக்குக் குறுக்கே வளரவிட்டு அம்மக்கள் அமைத்த பாலங்களைப் பற்றி 1844 இல் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் அவர் எழுதினார். அவ்வியத்தகு பாலங்களை வெளியுலகுக்கு முதலில் அறிவித்தோருள் அவரும் ஒருவர்.

அதன்பின் யமுனைக் கால்வாய்ப் பணி, சீக்கியரோடு நிகழ்ந்த இரண்டு போர்கள், தாயகத்தில் விடுமுறை, கோட்டை கட்டும் கலைபற்றி 1851 இல் வெளிவந்த நூல் என ஆண்டுகள் கழிந்தன. 1855 இல் ஆர்தர் பெயர் என்பவர் தலைமையில் பர்மிய மன்னர் மின்டொனிடம் அனுப்பப்பட்ட தூதுக்குழுவில் யூல் செயலாளராகச் சென்றார். அப்பயணம் குறித்து அவர் வரைந்த விரிவான நூல், அலுவலக அறிக்கையாகத் தொடங்கி அழகிய இலக்கியமாக முடிந்தது எனலாம்.

1857 ஆம் ஆண்டு வந்தது. இந்தியாவெங்கும் எழுந்த பெரும் கிளர்ச்சி யூல் குடும்பத்தையும் தீண்டாது விடவில்லை. அவருடைய தமையனாரும் குதிரைப்படைத் தலைவருமான றொபேட் யூல் டில்லியின் புறத்தே நிகழ்ந்த போரில் மாண்டார். எத்தனையோ இந்தியக் குடும்பங்களும் அவ்வாண்டில் மைந்தரை இழந்தன. அந்நியராட்சியின் ஊழியராகவே யூல் வாழ்ந்தார் என்பதை மறைப்பதால் அவருக்குப் பெருமை சேராது. அவர் கட்டிய பாதைகளும் வாய்க்கால்களும் ஆள்வோரின் நலனை முதலிற் கருதியே கட்டப்பட்டவை. அவருடைய சொற்களஞ்சியத்திலும் ஆள்வோரின் எள்ளற் குரல் அங்கங்கே ஒலிக்கத்தான் செய்கிறது. ஆயினும், ஆளப்படுவோரின் சொல்லை உதறித் தள்ளாது, அதன் தாயகத்தைத் தேடிச் சென்ற பொறுமை அவரிடம் இருந்தது. அப்பொறுமையே அவரைப் பிறரினின்றும் வேறுபடுத்திக் காட்டுகின்றது.

பலேர்மோவில் ஒரு மேசை

1862 இல் யூல் படைப்பணியினின்றும் ஓய்வுபெற்றார். அவரை ஆதரித்த கன்னிங் பிரபு அவ்வாண்டிலேயே காலமாகிவிட, தாயகத்தில் உயர்பதவி பெறலாம் என்ற நம்பிக்கையும் அற்றது. மனைவியாரின் உடல்நலம் கருதி இத்தாலிக்குச் சென்றவர், சிசிலித் தீவின் பலேர்மோ நகரிற் பல்லாண்டு தங்கினார். பதவி கைவிட்டுப் போனது தமிழுலகுக்கும் நன்மையாகவே முடிந்தது என்பேன். ஏனெனில், அந்நகரின் பழைய நூலகங்களில் அமர்ந்தே கீழைநாட்டுப் பழம்பயணிகளின் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். 1866 இல் சீனத்துக்குச் சென்ற பழைய வழிகளைப் பற்றிய நூலும், 1871 இல் மார்க்கோ போலோவின் பயண நூலுக்கு அவர் எழுதிய மாபெரும் உரைப்பதிப்பும் வெளிவந்தன. முன்னைய நூலில் இப்னு பதூதாவின் வங்காள, சீனப் பயணங்களும் இடம்பெற்றுள்ளன. மார்க்கோ போலோ பதிப்புக்காக அரச புவியியற் கழகம் 1872 இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிற்று.

மார்க்கோ போலோ இலங்கையையும், பாண்டி நாட்டுக் கரையையும், அக்கரையில் குதிரை வணிகத்தாற் செழித்த காயல் துறைமுகத்தையும் வருணித்தவர். அக்காயல் எங்கே இருந்தது என்ற ஆராய்ச்சியில் யூலுக்குத் துணைநின்றவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் பாதிரியாராவார். தாமிரவருணியின் கழிமுகத்தருகே மணல்மூடிக் கிடந்த பழைய காயலை அவர் நேரிற் கண்டு எழுதியவை யூலின் உரையில் இடம்பெற்றன. காயலுக்கும் நம் கரைக்கும் இடையே மரக்கலங்கள் ஓடிய வரலாற்றை அறிந்தோர்க்கு, பலேர்மோவின் அந்த மேசை அத்துணைத் தொலைவில் இருந்ததாகத் தோன்றாது.

இருவர் சந்தித்தனர்

1872 அளவில், இலண்டனிலிருந்த இந்திய அலுவலக நூலகத்தில் யூல் ஓர் இளைஞரைச் சந்தித்தார். சென்னை மாகாண சிவில் சேவையைச் சேர்ந்த ஆதர் கோக் பேர்னெல் என்பவரே அவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874 இல் நூலாக எழுதியவரும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவரும் அவரே. பேச்சினிடையே வியப்பான உண்மையொன்று வெளிப்பட்டது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்துவிட்ட கீழைநாட்டுச் சொற்களை இருவருமே ஒருவரையொருவர் அறியாது பல காலமாகச் சேகரித்து வந்திருந்தனர். அன்று தொட்டு இருவர் பணியும் ஒன்றாயிற்று. கடல்கடந்து கடிதங்கள் சென்றன, குறிப்புகள் குவிந்தன.

பேர்னெலுக்கு ஆயுள் நீளவில்லை. தென்னாட்டு வெப்பமும் ஓயாத உழைப்பும் அவருடைய உடலைச் சிதைத்தன. 1882 இல், நாற்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். எஞ்சிய பெரும்பாரத்தை அறுபது கடந்த யூல் தனியே சுமந்தார். பேர்னெல் மறைந்து நான்காண்டுகள் கழித்து, 1886 இல், எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அச்சொற்களஞ்சியம் வெளிவந்தது. நூலின் பெரும்பகுதியைத் தாமே எழுதியிருந்தும், மறைந்த நண்பரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்தே யூல் அதனை வெளியிட்டார்.

பாசறையிற் பிறந்த சொற்கள்

அந்நூலின் பெயர் 'ஹொப்சன்-ஜொப்சன்'. அப்பெயரின் கதையைக் கூறுமுன், அதனுள் அடங்கிய படைவீடுகளின் கொச்சைச் சொற்கள் சிலவற்றைக் காண்போம். போர்வீரன் மொழியைப் பள்ளியிற் கற்பவன் அல்லன். சந்தையிலும் சமையற்கட்டிலும் அணிவகுப்புத் திடலிலும் செவியிற் பட்டதைத் தன் நாவுக்கு இசைந்தவாறு மாற்றிக்கொள்பவன். தாயகம் திரும்பும்போது அச்சொற்களையும் மூட்டையோடு சுமந்து செல்கிறான். ஊரார் கேட்கின்றனர், சிரிக்கின்றனர், பின்னர்த் தாமும் வழங்குகின்றனர்.

பாரசீகத்தில் 'காக்' என்பது மண், புழுதி. அதிலிருந்து பிறந்தது புழுதி நிறத்தைக் குறிக்கும் 'காக்கி'. 1840களின் பிற்பகுதியில் பெஷாவர்ப் பகுதியில் ஹரி லம்ஸ்டன் திரட்டிய வழிகாட்டிப் படையினர் இந்நிற உடையை அணிந்தனர். 1857-58 போர்க்காலத்தில் அது பிற படைகளுக்கும் பரவியது. யூலின் தமையனார் உயிர்துறந்த அதே போர்க்களங்களிலேதான் இச்சொல்லும் ஆங்கிலேயரின் வாயில் ஊன்றியது. இன்று உலகெங்கும் பொலிஸ் நிலையத்திலும் பாடசாலை மாணவனின் காற்சட்டையிலும் அது நிலைபெற்றுள்ளது.

'லூட்' என்ற இந்துஸ்தானிச் சொல்லுக்குக் கொள்ளை என்பது பொருள். சீனப் போர், கிரைமியப் போர், 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி என ஒவ்வொரு போருக்குப் பின்னரும் இச்சொல் ஆங்கிலத்தில் ஆழ வேரூன்றியதை யூல் சான்றுகளோடு காட்டுகிறார். 'லஷ்கர்' என்ற பாரசீகச் சொல் படையைக் குறிப்பது. ஆங்கிலத்தில் அது கப்பலிற் பணிபுரியும் ஆசிய மாலுமிக்குப் பெயராயிற்று. நம் இலங்கையிலோ போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம்மிடம் சேவித்த உள்ளூர்ப் போர்வீரரை 'லஸ்கரீன்' என அழைத்தனர்.

நம் தமிழும் இக்கூட்டத்திற்குச் சளைத்ததன்று. கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் ஆங்கில அகராதியுட் புகுந்த கதையைப் பலர் அறிவர். மிளகுதண்ணீரின் ஆங்கில வடிவத்தைக் குறுக்கி, சென்னை மாகாணத்து ஆங்கில உத்தியோகத்தருக்கே 'மல்' என்ற பட்டப்பெயரைச் சூட்டினர் ஏனைய மாகாணத்தார். 'கஞ்சி வீடு' என்பதோ படையினரின் தனிச்சொத்து. குற்றம் செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்கு அது பெயர். உள்ளே இருப்பவனுக்குக் கிடைக்கும் உணவால் வந்த பெயர். சிறைச்சாலையின் சுவையைக் கஞ்சியோடு இணைக்கும் வழக்கம் நம்மவர்க்கும் புதிதன்று.

முதலிற் கூறிய 'முப்தி'க்கு இந்நூலிற் காணப்படும் விளக்கம் சுவையானது. ஓய்வு நேரத்தில் ஆங்கிலப் படையதிகாரிகள் நீண்ட அங்கியும் தொப்பியும் செருப்பும் அணிந்து சாய்ந்திருந்தனர். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் மேடையில் தோன்றிய முப்தியின் கோலத்தை அது ஒத்திருந்ததால் இப்பெயர் வந்திருக்கலாம் என்பது அங்குள்ள ஊகம். ஆட்சியையும் நாட்டையும் குறிக்கும் அரபுச் சொல்லான 'விலாயத்' இந்தியாவில் 'பிலாயத்' எனத் திரிந்து அந்நிய நாட்டை உணர்த்திற்று. அதை யூல் பதிவு செய்தார். அவர் மறைந்தபின், 1914-18 உலகப் போரின் பதுங்குகுழிகளில் அதே சொல் 'பிளைட்டி' என மாறித் தாயகத்துக்கே செல்லப்பெயராயிற்று. உயிரைப் பறிக்காமல் ஊருக்குத் திருப்பியனுப்பும் அளவுக்குப் படும் காயத்தையும் வீரர் அப்பெயராலேயே ஏக்கத்தோடு குறித்தனர். அந்நியத்தைக் குறித்த சொல் தாய்வீட்டைக் குறிக்கலாயிற்று.

தலைப்பும் துயரமும்

நிற்க, நூலின் பெயருக்கு வருவோம். ஹிஜ்ரி 61 ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில், கர்பலா வெளியில் நபிகளாரின் பேரர் ஹஸ்ரத் ஹுசைன் (ரலி) ஷஹீதாக்கப்பட்டார். அத்துயரை நினைந்து வட இந்தியாவில் ஊர்வலம் செல்வோர், மார்பில் அறைந்துகொண்டு ஹஸனையும் ஹுசைனையும் விளித்து அழுவர். பாசறை வாயிலில் நின்று வேடிக்கை பார்த்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு அவ்வோலம் விளங்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பயணிகள் காலந்தொட்டே பலவாறு சிதைந்துவந்த அவ்வொலி, ஈற்றில் ஹொப்சன், ஜொப்சன் என்ற இரண்டு சாதாரண ஆங்கிலக் குடிப்பெயர்களாக மாறிற்று. வெறும் சொல்லட்டவணை என்ற தலைப்பு வாசகரைக் கவராது என்று கருதிய யூல், தம் நூலுக்கு இதனையே பெயராகச் சூட்டினார். வேற்றுச்சொல் ஒன்று கேட்போரின் தாய்மொழி உருவை ஏற்கும் இயல்புக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்றும், ஆசிரியர் இருவர் என்பதையும் அவ்விரட்டைப் பெயர் குறிப்பாக உணர்த்தும் என்றும் அவர் கருதினார். பிற்கால மொழியறிஞர் அவ்வியல்பையே 'ஹொப்சன்-ஜொப்சன் விதி' எனப் பெயரிட்டு வழங்கினர்.

ஒரு முஸ்லிம் வாசகன் என்ற நிலையில் இத்தலைப்பு என்னை உறுத்தாமல் இல்லை. ஒரு சமூகத்தின் கண்ணீர் இன்னொரு சமூகத்தின் வேடிக்கையாவது சிறிய செய்தியன்று. ஆயினும் அந்நூலிற் குறித்த சொல்லின் கீழ் யூல் எழுதியிருப்பதைப் படிக்குந்தோறும் என் மனம் அமைதியடைகிறது. அங்கே கேலி இல்லை. ஒலி எங்கே பிறந்தது, எவருடைய பெயர்கள் அவை, எந்தப் பயணி எந்த ஆண்டில் அதை எவ்வாறு எழுதினார் என்று படிப்படியாகப் பின்னோக்கி நடந்து, சிப்பாயின் உளறலிலிருந்து கர்பலாவின் ஓலத்துக்கே நம்மை அழைத்துச் செல்கிறார். அலீ நாயகத்தின் வாக்குகளை அச்சிட்டவரின் மகன், அந்நாயகத்தின் மைந்தர் இருவரின் பெயர்களை அறியாமலா இருப்பார்? சொல்லைச் சிதைத்தவன் சிப்பாய். சிதைந்ததற்கு அதன் உண்மை முகத்தை மீட்டுக்கொடுத்தவர் யூல். தலைப்பிலுள்ள விளையாட்டுக்காக அவரைக் குறை கூறுவோர், அவர் செய்த அம்மீட்பையும் அதே தராசில் இட்டு நிறுத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

இறுதி நாட்கள்

முதல் மனைவியார் 1875 இற் காலமானபின் யூல் இங்கிலாந்து மீண்டு, இந்திய மந்திராலோசனைச் சபையில் அமர்ந்தார். ஹக்லூயிட் கழகம், அரச ஆசியக் கழகம் ஆகியவற்றின் தலைமையும் அவரை வந்தடைந்தது. 1889 இல் 'சேர்' பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் நோய்ப்படுக்கையிற் கிடந்தபோது, பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற கல்விக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்ட செய்தி வந்தது. வலிமை குன்றிய நிலையிலும், தந்தி வாயிலாக இலத்தீன் மொழியில் நன்றி தெரிவித்தார். 1889 டிசம்பர் 30 ஆம் நாள் அவருடைய ஆவி பிரிந்தது. வில்லியம் குரூக் என்பார் திருத்தி விரித்த சொற்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு 1903 இல் வெளியாயிற்று. ஒக்ஸ்போர்ட் பேரகராதியினர் பல கீழைச் சொற்களுக்கு இந்நூலையே சான்றாகக் கொண்டனர்.

நமக்கு ஒரு கடன்

யூலின் வாழ்வு நமக்கு, குறிப்பாக ஆசிரியர்க்கும் மாணவர்க்கும், உணர்த்துவது யாது? கொச்சையென ஒதுக்கப்பட்ட சொல்லுக்கும் வரலாறு உண்டு என்பதே. நம் கரையோரத் தமிழை எண்ணிப் பாருங்கள். கதிரையும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. மௌத்தும் பறக்கத்தும் அரபு தந்தவை. சிப்பாயும் துப்பாக்கியும் படையோடு வந்தவை. இவற்றுக்குப் பின், மூன்று தசாப்தங்கள் நீடித்து 2009 இல் முடிந்த உள்நாட்டுப் போர், நம் பேச்சில் 'சென்றி', 'பங்கர்', 'ஷெல்', 'ரவுண்டப்' என்ற புதிய படைச் சொற்களை விதைத்துச் சென்றது. எழுத்தறியாத மூதாட்டியரும் இவற்றைத் தடையின்றி வழங்கினர். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இச்சொற்களின் பின்னாலுள்ள அச்சமும் உறக்கமற்ற இரவுகளும் தெரியா. சொல் மட்டும் எஞ்சி, துயரம் மறைந்துபோமாயின், நாளை நம்முடைய ஓலமும் எவர் நாவிலோ வெறும் ஹொப்சன்-ஜொப்சனாகி நிற்கும்.

அன்றியும், சொற்களைத் தாங்கி நிற்போர் என்றும் இருப்பவரல்லர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை அழித்தபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் முதியோர் நாவிலிருந்த எத்தனை கடற்சொற்களை, தொழிற்சொற்களை நாம் இழந்தோம் என்பதற்குக் கணக்கில்லை. யூலின் முறை எளியது. சொல்லை எழுதினார், அதன் பொருளை எழுதினார், எவர் எப்போது அதை வழங்கினார் என்பதை ஆண்டு முறையில் வரிசைப்படுத்தினார். ஒரு பயிற்சிக் கொப்பியும் பொறுமையும் இருந்தால், நம் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் தம் உம்மம்மாவிடமிருந்தும், வலை இழுக்கும் வாப்பாவிடமிருந்தும் நூறு சொற்களைத் திரட்டலாம். பொருளோடும் ஊரோடும் ஆண்டோடும் அவற்றைக் குறித்து வைக்கலாம்.

அந்நியர் ஒருவர் சிப்பாய்களின் உளறலுக்குள் கர்பலாவின் பெயர்களைத் தேடிக் கண்டார். நம் உம்மாமாரின் பேச்சுக்குள் நம் வரலாற்றைத் தேடுவது நம்மால் ஆகாத காரியமா? ஆசிரியப் பெருமக்கள் இதனை இவ்வாண்டிலேயே தொடங்குவார்களாக.